மெயின் படத்துக்கு முன்னால்

டிக்கெட் வாங்கியது ஒரு படத்துக்கு, ஓடியது இரண்டு. முதலில் ஓடியதை யாரும் கேட்டு வாங்கவில்லை. அரசாங்கம் அனுப்பியது, கொட்டாய்க்காரர் ஓட்டினார், நாங்கள் பார்த்தோம். சினிமா லைசென்ஸிலேயே அந்த நிபந்தனை இருந்தது. காட்சிக்குக் காட்சி, 2,000 அடிக்கு மிகாமல், அதாவது இருபது நிமிஷம்போல, அங்கீகரிக்கப்பட்ட குறும்படங்களை ஓட்டியாக வேண்டும். அதற்கு வாடகை, நிகர வசூலில் நூற்றுக்கு ஒரு ரூபாய். 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் இந்த ஏற்பாட்டின் பலத்தில்தான் பம்பாயிலிருந்து பல மொழிகளில் படங்களை நாடு முழுக்கச் சுற்றவிட்டது. மாநகரத்து ஏசி தியேட்டருக்கும் நொய்யல் கரையோரத்துக் கீற்றுக் கொட்டாய்க்கும் ஒரே சட்டம்தான். எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் அந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: நியூஸ் ரீல்.

நியூஸ் ரீல் என்றால் பீடியை முழுசாகப் பிடித்துவிட்டு உள்ளே வரலாம் என்று அர்த்தம். சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனிகளில் சம்பளம் போட்டதும் சைக்கிள்கள் கொட்டாயைப் பார்த்துத் திரும்பும். கூம்பு ஸ்பீக்கரில் சீர்காழியின் பக்திப்பாட்டு ஓய்ந்தால் படம் போடப்போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்திருப்பது எங்களைப் போன்ற பொடியன்களும், இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்களும்தான். "நியூஸ் ரீலு முடிஞ்சுதாடா?" என்று வெளியிலிருந்து குரல் வரும். பீகாரில் வெள்ளம், பஞ்சாபில் கோதுமை, எங்கோ ஒரு அணைக்கட்டு, எங்கோ ஒரு மந்திரி. அந்தக் கனத்த தமிழ்க் குரல் எல்லாவற்றையும் ஒரே தொனியில் சொல்லிக்கொண்டே போகும்.

ஒரு நாள் அந்தக் குரல் வரவில்லை.

திரையில் ஆட்கள் வந்தார்கள். நடக்கவில்லை, கால் அசையாமல் தரையில் வழுக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் இங்கே இருந்தார், கண்ணை மூடித் திறப்பதற்குள் அங்கே இருந்தார். தெரு ஒன்று முழுசாக விறைத்துக்கொண்டு ஓடியது. கூடவே ஒரு சத்தம். பாட்டு என்று சொல்ல முடியாது. தபலா மாதிரி ஆரம்பித்து நடுவில் கரண்ட் அடித்தது போல் எகிறி, ரயில் கூவல் மாதிரி இழுபட்டு, மறுபடி தபலாவில் வந்து விழுந்தது. எங்கள் வரிசையில் ஒரு பாட்டி, "காத்துக் கருப்பு எதையாச்சும் புடிச்சுக் காட்டறானுகளா சாமி?" என்று முந்தானையைப் பேத்தியின் கண்ணில் போட்டாள். பெஞ்ச் டிக்கெட்டிலிருந்து ஒரு விசில் வந்தது, அதற்கு யாரும் பதில் விசில் அடிக்கவில்லை. ஐந்து நிமிஷம் கூட இருக்காது. முடிந்ததும் வழக்கம்போல மெயின் படம் ஓடியது. அன்றைக்கு என்ன மெயின் படம் என்பது இன்று எனக்கு நினைவில்லை.

திரும்பி வரும் வழியில் சைக்கிள் பாரில் உட்கார்ந்துகொண்டு அப்பாவிடம் கேட்டேன். அவர் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். வட்ட மிஷினில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்குவதைப் பன்னிரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது அவர் வேலை. கொஞ்ச தூரம் மிதித்துவிட்டுச் சொன்னார்: "நிறுத்தி நிறுத்திப் புடிச்சிருக்கான் கண்ணு. நடக்கறப்ப புடிக்கறதில்ல, நின்னதும் ஒண்ணு புடிக்கறான். நடுவுல இருக்கறத உட்டர்றான். ஊசி ஒடைஞ்சா துணில கோடு உழுவுதல்ல, அந்த மாதிரி."

அவர் சொன்னதுதான் அந்த உத்தியின் இலக்கணம். பிக்ஸிலேஷன் என்ற பெயரை நான் தெரிந்துகொள்ள அதன்பின் வெகுகாலம் ஆனது. உயிருள்ள மனிதரைப் பொம்மைபோல வைத்து, ஒரு பிரேம் எடுத்து, நகரச் சொல்லி, இன்னொரு பிரேம் எடுப்பது. கனடாவின் நார்மன் மெக்லாரன் 1952இல் 'நெய்பர்ஸ்' படத்தில் இதைச் செய்து உலகத்துக்குக் காட்டியிருந்தார். இந்தியாவில் இதைக் கையில் எடுத்து வெறி பிடித்த மாதிரி வேலை செய்தவர் பிரமோத் பதி.

பதி ஒடிசாக்காரர். 1932இல் பிறந்தவர். செக்கோஸ்லோவாகியாவுக்குப் போய் ஜிரி டிரன்கா என்ற பொம்மலாட்டப் பட மேதையிடம் பயின்றவர். பிலிம்ஸ் டிவிஷன் சம்பளத்தில் இருந்துகொண்டு, கோப்பும் குறிப்பும் ஓடும் ஒரு சர்க்கார் ஆபீஸுக்குள் உட்கார்ந்துகொண்டு, 1968இல் 'எக்ஸ்ப்ளோரர்' எடுத்தார். கறுப்பு வெள்ளை, ஏழு நிமிஷம், வர்ணனையே கிடையாது. இளைஞர்கள் வெறிகொண்டு ஆடுகிறார்கள். ஆய்வுக்கூடத்துக் கருவிகளில் கோடுகள் துடிக்கின்றன. சாமி படங்கள், எழுத்துகள், தெருக் கூட்டம், எல்லாம் கண்ணில் பட்டதும் பறந்துவிடுகின்றன. மந்திர உச்சாடனமும் மேற்கத்திய டிரம்ஸும் எலக்ட்ரானிக் ஒலியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடிக்கின்றன. அந்த ஆண்டில் உலகம் எங்கும் இளைஞர்கள் தலைக்குள் நடந்துகொண்டிருந்த ஒன்றை ஒரு இந்திய அரசு அலுவலர் ஏழு நிமிஷத்தில் பிடித்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1970இல் 'டிரிப்'. 1972இல் 'ஆபித்': ஓவியரும் கார்ட்டூனிஸ்டுமான ஆபித் சுர்தி ஒரு வெள்ளை அறைக்குள் புகுந்து, தத்தித் தத்திச் சுவரையும் தரையையும் வண்ணமாக்கிக்கொண்டே போகிறார். அதைப் பின்னாளில் முதன்முதலாகப் பார்த்தபோது கொட்டாய் மணலின் ஈரம் என் கால் விரல்களில் திரும்ப வந்தது.

இதெல்லாம் ஒருவரால் மட்டும் நடந்ததில்லை. இந்திரா காந்தி தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்த காலத்தில் ஜஹாங்கீர் பாவ்நகரி என்பவர் பாரிஸில் யுனெஸ்கோ வேலையிலிருந்து வந்து பிலிம்ஸ் டிவிஷனின் தலைமை ஆலோசகராகச் சில ஆண்டுகள் இருந்தார். அவர் கதவைத் திறந்துவைத்தார். எம்.எஃப். ஹுசைன் கையில் கேமரா போயிற்று; ராஜஸ்தானில் அவர் எடுத்த 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்' 1967இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. எஸ்.என்.எஸ். சாஸ்திரி அதே வருஷம், சுதந்திரத்தோடு பிறந்த பிள்ளைகளைப் பேசவிட்டு 'ஐ ஆம் 20' எடுத்தார். அவர்கள் தேசத்தைப் பற்றிச் சந்தேகமாகப் பேசினார்கள். அரசாங்கமே அதைப் படமாக்கிப் பொதுமக்களுக்குக் காட்டியது. 1970இல் ஓவியர் தையப் மேத்தா பம்பாய் இறைச்சிக் கூடத்தின் எருமைகளை வைத்து எடுத்த படத்துக்குத் தமிழிலேயே பெயர் வைத்தார்: 'கூடல்'.

நான் இவர்களை வானளாவப் புகழவில்லை. இதே பிலிம்ஸ் டிவிஷன்தான் குடும்பக் கட்டுப்பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திணித்தது. பதியின் துள்ளலான குட்டிப் படமான 'கிளாக்ஸ்ப்ளோஷன்' கூட அந்தப் பிரசாரத்துக்காக எடுத்ததுதான். எமர்ஜென்ஸி வந்தபோது இதே இருபது நிமிஷத்தில் இருபது அம்சத் திட்டம் ஓடியது. ஒரு வாய்தான், அது பொய்யும் சொன்னது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பனியன் கம்பெனியில் கை மடிக்கிற பையனுக்கு இது புரியுமா என்று அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அனுப்பினார்கள். புரியும் என்று நம்பினார்களா, புரியாவிட்டால் போகட்டும் என்று விட்டார்களா, எதுவானாலும் எனக்குச் சம்மதம். இன்றைக்கு நமக்கு என்ன பிடிக்கும் என்பதை நமக்கு முன்னால் யாரோ கணக்குப் போட்டு அதை மட்டுமே கையில் திணிக்கிறார்கள். கேட்காமலே வந்து கன்னத்தில் அறைந்த அந்த ஐந்து நிமிஷத்தை எந்தக் கணக்கும் எனக்கு அனுப்பியிருக்காது.

அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

பதியின் படங்களுக்கும் ஹுசைன் படத்துக்கும் இசை ஒருவரே: விஜய் ராகவ் ராவ். மதராஸில் பிறந்தவர். புல்லாங்குழல் வித்வான், ரவிசங்கரின் சீடர். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' படத்துக்கும் அவர்தான் இசை. ராகத்தில் ஊறிய ஒருவர் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, திருப்பி ஓட்டி, மின்னொலியைக் குழைத்து இந்த வேலையைச் செய்தார். அதே காலத்தில், 1969இல், ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு அமெரிக்கரான டேவிட் டியூடர் வந்து மூக் சிந்தசைசர் வைத்து ஒரு எலக்ட்ரானிக் ஸ்டுடியோவையே நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அங்கே ஒலிப்பதிவு செய்த நாடாக்கள் அரை நூற்றாண்டு பெட்டிக்குள் கிடந்து, அண்மையில்தான் வெளியே வந்தன. இந்தப் பக்கம் கிடாரும் டிரம்ஸும் வைத்த பையன்கள் 'சிம்லா பீட்' போட்டிகளில் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய போட்டி அது. 1970, 71 ஆண்டுகளுக்கு இசைத்தட்டுகளே வந்தன. சைக்கெடெலிக் ராக் என்று இன்று தேடித் தேடிக் கேட்கிறார்களே, அதன் இந்தியப் பிள்ளைகள் அவர்கள்.

திருப்பூரில் அந்தத் தட்டுகள் கிடைத்திருக்காது. எங்களுக்கு வேறு சத்தம் இருந்தது. ராயபுரத்திலோ காதர்பேட்டையிலோ எந்தச் சந்தில் நுழைந்தாலும் சுவருக்குப் பின்னால் மிஷின் ஓடும். நிட்டிங்கின் ஒரே சீரான இரைச்சல் கீழே. அதற்கு மேலே ஓவர்லாக் விட்டு விட்டு இழுக்கும். அதற்கும் மேலே பேட்லாக். எங்கோ ஒரு ரேடியோவில் விவித பாரதி. பதினான்கு வயதில் கை மடிக்கப் போனபோது முதல் வாரம் தலை வலித்தது. பிறகு அந்த இரைச்சலுக்குள்ளே தாளம் கேட்க ஆரம்பித்தது. பக்கத்து மிஷின் கொஞ்சம் முந்தும், இன்னொன்று பிந்தும், இரண்டும் ஒரு கணம் சேரும், மறுபடி விலகும். பவர் டேபிளில் உட்காரும் டெய்லர்கள் அதற்கேற்பத் தலையை ஆட்டிக்கொண்டே தைப்பார்கள். அவர்களுக்கே தெரியாது ஆட்டுவது.

1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. எல்லாச் சங்கங்களும் சேர்ந்து நின்ற போராட்டம். கஞ்சித் தொட்டி, ஊர்வலம், அடகுக் கடை, எல்லாம் பார்த்த நாட்கள். எனக்கு அதில் மறக்காதது ஊரின் அமைதி. ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. நாய் குரைப்பது கேட்டது, நொய்யல் பாலத்தில் லாரி ஏறுவது கேட்டது. இருபது வருஷமாக ஊர் முழுக்க வாசித்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியத்தை யாரோ கையைப் பிடித்து நிறுத்தியதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அதற்கு முன்பே நான் கை மடிப்பதை விட்டுப் பிரிண்டிங் பட்டறைக்கு மாறியிருந்தேன். எழுபதுகளின் கடைசியில் இத்தாலியிலிருந்து பனியனுக்கு ஆர்டர் வரத் தொடங்கியதும் வெள்ளை பனியனாக இருந்த ஊர் வண்ணமானது. நெஞ்சில் படம் போட்ட டிஷர்ட்டுகள். ஒரு படத்துக்கு எத்தனை வண்ணமோ அத்தனை ஸ்க்ரீன். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பாசிட்டிவ் பிலிம். லைட் டேபிளில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூலைக் குறிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நூல் தள்ளிப்போனால் சிங்கத்தின் கண் கன்னத்துக்கு இறங்கிவிடும். எங்கள் நீள மேஜைகளில் வரிசையாக விரித்த துணியில் ஸ்குவீஜியை இழுத்துக்கொண்டே போவோம். யாரென்றே தெரியாத முகங்களை ஆயிரக்கணக்கில் அச்சடித்தோம். முக்கோணக் கண்ணாடி, அதற்குள் ஒரு வெள்ளைக் கோடு போகிறது, அந்தப் பக்கம் வானவில் வருகிறது. அது 1973இல் வந்த ஒரு இசைத்தட்டின் அட்டை என்பதும், பிங்க் ஃபிளாய்ட் என்று ஒரு குழு இருப்பதும் எனக்கு அந்த டிஷர்ட்டில்தான் தெரிந்தது.

அவர்கள் பாட்டு பிறகு வந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த நண்பரிடம் ஒரு பையர் விட்டுப்போன கேசட். 'மெடில்' என்ற 1971ஆம் வருஷத்து ஆல்பம். அதன் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 'எக்கோஸ்', 23 நிமிஷம். நீருக்கு அடியில் யாரோ ஒற்றைக் கட்டையை அமுக்குவது போல ஆரம்பிக்கும். நடுவில் பாட்டே செத்து, காற்றும் பறவைக் கூச்சலுமாய் வெகுநேரம் கிடந்து, மெல்ல உயிர்வந்து எழும். கேட்டு முடித்ததும் நான் சொன்னது இதுதான்: இந்த ஆளுகளுக்கு நியூஸ் ரீல் போடுகிறவனைத் தெரியும். நண்பருக்கு என்ன சொல்கிறேன் என்றே விளங்கவில்லை.

நான் நினைத்தது வீண்போகவில்லை. இந்தப் பாட்டுக்கு ஏற்கனவே படம் இருந்தது. 1973இல் ஆஸ்திரேலியாவில் வந்த 'கிரிஸ்டல் வாயேஜர்' படத்தின் கடைசி 23 நிமிஷமும் வசனம் இல்லாத அலைகள்தான். ஜார்ஜ் கிரீனோ கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு அலையின் சுருளுக்குள் நுழைந்து எடுத்தவை. மேலே 'எக்கோஸ்' ஓடுகிறது. அதற்கு முன்பே, 1967இல், புரூஸ் கானர் தன் 'லுக்கிங் ஃபார் மஷ்ரூம்ஸ்' படத்துக்கு பீட்டில்ஸ் பாட்டை வைத்திருந்தார். கண்ணுக்கு ஒரு தாளம், காதுக்கு ஒரு தாளம், இரண்டும் ஓரிடத்தில் கூடுவதைத் தேடியவர்கள் அவர்கள். கச்சேரி மேடைகளில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயும் சாயத் தண்ணீரும் ஊற்றி, ஓவர்ஹெட் புரொஜெக்டர் மேல் வைத்து, பாட்டுக்கு ஏற்ப ஆட்டுவார்கள். பாடுகிறவர்களுக்குப் பின்னால் திரை முழுக்க வண்ணம் ஊறி, பிளந்து, ஒன்றையொன்று விழுங்கும். நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஜோஷுவா லைட் ஷோ என்ற பெயரில் நடந்தது ரொம்பப் பேர்பெற்றது.

அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, வயிறு கலங்கியது. நாங்கள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். சாயப்பட்டறைக் குழாய்களிலிருந்து நொய்யலில் ஒரு பக்கம் சிவப்பு இறங்கும், நான்கடி தள்ளி நீலம் இறங்கும், இரண்டும் சேரும் இடத்தில் ஊதா நூலாகப் பிரியும். மேலே நுரை. வெயில் சாய்ந்தால் அதன் அழகு தாங்காது. பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அது விஷம் என்று தெரிந்தேதான் நின்றேன். கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் விவசாயத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. கிணற்றில் உப்பு ஏறி, தென்னை காய்ந்து, மாடு குடிக்க மறுத்த ஊர்கள் அந்தக் கரையில் உண்டு. பாசன விவசாயிகள் விடாமல் வழக்காடி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மூடவேண்டியதுதான். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் போனதை நினைக்கிற மனசு நல்லதை மட்டும் பொறுக்கி நினைப்பதில்லை. அந்த ஊதா நூலும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

நாங்களும் ஒரு படம் செய்தோம்.

சின்ன வயசிலிருந்தே எங்களுக்குப் பிலிம் பைத்தியம். தியேட்டர் வாசலில் பொறுக்கிய துண்டுகளை, பீஸான பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பிச் சுவரில் விழவைத்த தலைமுறை. கோவையில் ஒரு பிலிம் சொசைட்டி காட்டிய 16 எம்.எம். படங்களில் மெக்லாரனைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவர் 'பிகான் டல் கேர்' படத்தில் கேமராவே இல்லாமல் பிலிம் சுருளின் மேலேயே வண்ணம் பூசி, கீறி, ஆஸ்கர் பீட்டர்சனின் ஜாஸுக்கு ஆடவிட்டிருந்தார். சாயமும் பிளீச்சிங்கும் அச்சும் கையில் இருக்கிற ஊரில் இதைச் செய்யாமல் எப்படி இருப்பது? டவுன் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்த அண்ணன் காலாவதியான ஒரு டிரெய்லர் சுருளைக் கொடுத்தார். பிளீச்சிங் தண்ணியில் முக்கினால் படம் கரைந்து வழுவழுவென்று கண்ணாடி போல் வரும். அதில் சாயத்தைத் தடவினால் நிற்கவே இல்லை, துடைத்தால் போய்விடுகிறது. பாதி கரைந்து பசை மிச்சமிருந்த இடத்தில் மட்டும் கவ்விப் பிடித்தது. ஏன் என்று சாயமாஸ்டர் ஒருவர்தான் சொன்னார்: "வெறும் பிலிமுக்குச் சாயம் குடிக்கத் தெரியாதுங்க. மேல இருக்கறது ஜெலட்டின். அதுதான் குடிக்குது." அதன்பின் முழுக்கக் கரைக்காமல், புள்ளி புள்ளியாக, கோடு கோடாகப் பிளீச்சிங்கைச் சொட்டி, மிச்சப் பசைக்குச் சிவப்பும் நீலமும் ஊட்டினோம். வெறும் இடங்களில் பிரிண்டிங் மையை ஸ்டென்சில் வைத்து ஒற்றினோம். ஓரத்து ஒலிக்கோட்டை ஊசியால் கீறினோம். 16 பிரேம் ஓர் அடி. 90 அடி ஒரு நிமிஷம். மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரி செய்தது, ஓடினால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் வராது.

செகண்ட் ஷோ விட்டபின் ஒரு நாள் ஓட்டினோம். ஆபரேட்டர் அண்ணன் சுருளைக் கையில் உருட்டிப் பார்த்து, "ஏந்தம்பி, மிஷின்ல சிக்கிச்சுன்னா என் வேலை போயிரும், தெரியுமில்ல?" என்றார்.

"காஞ்சிருச்சுங்கண்ணா, ஒட்டாது."

"ஓட்டறேன். மொதலாளிக்குத் தெரியக்கூடாது."

கார்பன் பற்றவைத்துக் கதவைத் திறந்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் டேப்ரெக்கார்டரில் 'எக்கோஸ்'. திரை முழுக்க எங்கள் ஊர். கட்டிங் வேஸ்ட் துணிகள் பறப்பது போல, நொய்யல் இடம்மாறி நிமிர்ந்து ஓடுவது போல, ஊசி கீறிய இடத்தில் ஸ்பீக்கர் டப்டப்பென்று அடிக்க, அது பாட்டின் டிரம்ஸோடு ஓரிடத்தில், எங்கள் திட்டம் ஏதும் இல்லாமலே, சரியாக வந்து விழுந்தது. அண்ணன் கேபின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னொருக்கா சுத்திப் போடட்டுமா?" என்று கேட்டார். திரும்பத் திரும்பச் சுற்றிப் போட்டார்.

அந்தச் சுருள் இல்லை. அசிடேட் பிலிம் புழுக்கத்தில் கெட்டால் காடி வாடை அடித்துச் சுருங்கும். வருஷங்கள் கழித்து டப்பாவைத் திறந்தபோது மூக்கில் ஏறிய அந்த வாடைதான் கிடைத்தது. ஆபரேட்டர் அண்ணனும் இல்லை. பெரியவர்களின் படங்களுக்கும் இதே கதிதான். அக்பர் பதம்ஸீ என்ற ஓவியர் 1969இல் ஸ்டென்சில்களையும் ஒளியையும் வைத்து 'ஈவென்ட்ஸ் இன் எ க்ளௌட் சேம்பர்' என்று ஒரு படம் செய்தார், கீதா சாராபாயின் எலக்ட்ரானிக் ஒலியோடு. இருந்த ஒரே பிரதி தொலைந்துபோயிற்று. பதம்ஸீ முதுமையில் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, ஆஷிம் அலுவாலியா 2016இல் அதை மறுபடி கட்டிப் பார்த்தார். பிரமோத் பதி 1975இலேயே, நாற்பது கடந்த சில ஆண்டுகளில், புற்றுநோயில் போய்விட்டார். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. மும்பை சர்வதேசப் படவிழாவில் புதுமையான படத்துக்கு அவர் பெயரில் விருது தருகிறார்கள். டிவி வந்து, மல்டிபிளக்ஸ் வந்து, கட்டாய நியூஸ் ரீல் தேய்ந்து நின்றது. 2022இல் பிலிம்ஸ் டிவிஷனையே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். கொட்டாய் இருந்த இடத்தில் குடோன்.

படங்கள் பலவும் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. தேடுகிறவனுக்குக் கிடைக்கும். தேடத் தெரியாத பத்து வயதுப் பையனை அவை இனி தேடி வரமாட்டா. அதனால் நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

இன்று எங்கள் பிரிண்டிங் மேஜைகளில் நிற்பவர்களில் பாதிப் பேர் வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள்; அதில் ஒடிசாக்காரர்கள் நிறைய. போன மழைக்காலத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டரும் மக்கர் செய்த ஒரு மத்தியானம், போனில் 'ஆபித்' படத்தைப் போட்டு நடுவில் வைத்தேன். ஐந்தாறு தலைகள் முட்டிக்கொண்டு குனிந்தன. எடுத்தவர் உங்கள் ஊர்க்காரர் என்றேன். நம்பவில்லை. டைட்டிலை நிறுத்திப் பெயரைக் காட்டினேன். அவர்களுக்குள் ஒடியாவில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அதில் ஒரு பையன், வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன், மேஜையில் ரெஜிஸ்டர் சேர்ப்பதில் கில்லாடி, படத்தை விரலால் பின்னுக்கு இழுத்து, நிறுத்தி, நகர்த்தி, மறுபடி நிறுத்தினான்.

"அண்ணா, இவரு நடக்கலை. நிக்கறாரு, ஒரு போட்டோ. மறுபடி நிக்கறாரு, ஒரு போட்டோ. சரியாண்ணா?"

"சரிதான் தம்பி."

"ஒரு செகண்டுக்கு எத்தனை போட்டோ வேணும்?"

இருபத்துநாலு என்றேன். மேஜையின் மறுகோடியில் இருந்தவனை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, தன் போனை எடுத்து ஸ்க்ரீன் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தான். கரண்ட் வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தோம்.